கத்தரிக்கோலில் பூத்தவை

"இந்த வயசுக்கு மேல என்னத்தைக் கத்துக்கறது?" ஐம்பதைத் தொட்டவர்கள்கூட இப்படி அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு மேரி டெலானியைத் தெரிந்திருக்காது.

இங்கிலாந்தில் 1700-இல் பிறந்தவர். 17 வயதில், அறுபதை நெருங்கிய ஒருவருக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். அதில் சுகமில்லை. கணவர் இறந்து பல வருஷம் கழித்து, தாமே விரும்பி பேட்ரிக் டெலானி என்ற பாதிரியாரை மணந்தார். 1768-இல் அவரும் போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது.

1772-இல் தோழி போர்ட்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் தங்கியிருந்தார். அங்கிருந்த ஜெரேனியப் பூவும் கையிலிருந்த சிவப்புக் காகிதமும் ஒரே நிறம் என்பது கண்ணில் பட்டது. காகிதத்தை இதழ் இதழாக வெட்டினார். உள்ளே வந்த தோழி நிஜப் பூ என்றே நினைத்துவிட்டாராம்!

அன்று தொடங்கியது பத்து வருஷம் ஓடியது. செடியை எதிரே வைத்துக்கொள்வார். கறுப்பு வண்ணம் பூசிய தாளின்மேல், மெல்லிய வண்ணக் காகிதத் துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். நிழல் விழும் இடத்துக்கு ஒரு பச்சை, வெயில் படும் இடத்துக்கு வேறொரு பச்சை. சில படங்களில் காகிதத்தோடு நிஜ இலையையும் சேர்த்திருக்கிறார். பாஷன் பழ இனத்துக் கொடி ஒன்றின் பூவுக்கு மட்டும் 230-க்கும் மேற்பட்ட துண்டுகள்; மயிரிழை போன்றவையும் உண்டு. மகரந்தத் தாள்களின் எண்ணிக்கைகூடப் பிசகக் கூடாது என்பதில் கறார். அரச குடும்பமே க்யூ தோட்டத்திலிருந்து அவருக்குச் செடிகளை அனுப்பிவைத்தது.

72 வயதில் திடீரென்று ஞானோதயம் வந்ததுபோல் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூத்தையல், ஓவியம், கிளிஞ்சல் அலங்காரம், காகிதத்தில் நிழலுருவம் வெட்டுவது என்று அதற்கு முன்பும் அந்தக் கை சும்மா இருந்ததே இல்லை. யாரும் பெரிதாக மதிக்காத பொழுதுபோக்குகள்தாம். ஆனால் அத்தனை வருஷப் பழக்கம் இல்லையென்றால், அந்தச் சிவப்புத் தாள் வெறும் தாளாகவே கிடந்திருக்கும். வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிப் புறப்பட்டு அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பூவை உற்றுப் பார்க்க உட்கார்ந்தார். விடிந்தால் செய்ய வேலை இருந்தது. துக்கத்தில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமா?

ஆயிரம் பூ என்று இலக்கு வைத்திருந்தார். 82 வயதில் பார்வை மங்கவே, 985-உடன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் காணலாம். முதலில் அந்தப் பாஷன் பூவைத் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதுதான் காகிதம் என்பதே தெரியும்.