ஓய்வுக்கும் முன்னேற்பாடு வேண்டும்

(கரிசல் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்கழி பிறந்துவிட்டால் நம் கரிசல் சீமைக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையை உள்வாங்கிக் கொண்ட நிலம், உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் தாங்கி நிற்கிறது. விடியற்காலையில் ஒரு தெருவில் பஜனை ஒலிக்கிறது; இரவில் அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ் கீதம் கேட்கிறது. வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு விண்மீன் விளக்குத் தொங்குகிறது. பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள், பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். எந்த மதத்தினராயினும் இந்த ஒரு வாரம் நம் ஊர்களில் எல்லார்க்கும் விடுமுறை வாரமே.

ஆனால் அந்த வாரம் கழிந்த பின் நாம் காண்பதென்ன? ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். மற்றொரு வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. வேறொரு வீட்டில் அடுப்படியை விட்டு அகலாத தாய் இடுப்பு வலியால் படுத்துவிட்டாள். ஓய்வெடுக்கக் கூடியவர்கள் ஓய்ந்துபோய்க் கலைகின்றனர். இது ஏன் என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கரிசல் உழவனுக்கு இதன் விடை தெரியாததன்று. மானாவாரி நிலத்தில் மழை பெய்த பிறகுதான் விதைக்க வேண்டும் என்று காத்திருந்தால், ஈரக் கரிசலில் ஏர் இறங்காது, பருவம் தவறிவிடும். ஆகவே மழை வருமுன்பே உலர்ந்த மண்ணில் விதையை இட்டுவைக்கும் முறை இங்கு உண்டு. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இப்பருவ முன்விதைப்பை உழவர்களுக்கு எடுத்துரைத்து வந்துள்ளது. ஓய்வும் அப்படியே. விடுமுறை வந்தபின் ஓய்வைத் தேடினால் கிடைப்பதில்லை. முன்கூட்டியே அதற்கு வழி செய்துவைக்க வேண்டும். உழைப்புக்கு விடுமுறை விடலாம். ஒழுங்குக்கு விடுமுறை விடலாகாது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நம்முடையது நல்ல தண்ணீர் அருமையாக உள்ள சீமை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, தொட்டி அனைத்தையும் நிரப்பி வைப்பது நம் வழக்கம். விருந்தினர் வந்தால் இன்னும் நான்கு பாத்திரம் கூடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் அருமையாகச் சேர்த்துவைத்த இந்த நல்ல தண்ணீரிலேயே முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்து கிடந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். மூடமுடியாத தொட்டிக்கு மெல்லிய துணியை இழுத்துக் கட்டலாம். கொல்லைப்புறத்துப் பழைய டயர், உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் விட்டுவைக்க வேண்டாம்.

காய்ச்சல் கண்டால், 'விடுமுறை முடியட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தக் கசிவு, அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது தவறு. ஆஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவை மிகுதிப்படுத்தும்.

இன்னொரு காய்ச்சலும் இக்குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் காணப்படுகிறது. அதனை உண்ணிக் காய்ச்சல் என்றும் ஸ்கிரப் டைபஸ் என்றும் சொல்கின்றனர். புதரிலும் வரப்போரப் புல்லிலும் உள்ள, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் இது வருகிறது. கடித்த இடத்தில், சிகரெட் நெருப்புப் பட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கக்கூடும். உளுந்து பிடுங்கப் போனவர்க்கும் புஞ்சையில் விளையாடிய சிறுவர்க்கும் காய்ச்சல் கண்டால், அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் இப்பொருக்கு உண்டா என்று பாருங்கள். புஞ்சைக்குப் போன செய்தியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே உரிய மருந்து கொடுத்தால் நோய் எளிதில் தீரும். நாள் கடத்தினால் உயிருக்கே கேடாகும்.

அடுத்தது கண்மாய். வற்றிக் கிடந்த கண்மாயில் தண்ணீர் நிற்பதைக் கண்டால் பெரியவர்களுக்கே உள்ளம் துள்ளும். நகரத்திலிருந்து வந்த பிள்ளைகளைச் சொல்ல வேண்டுமா? ஆனால் வண்டல் மண் அள்ளிய குழி எங்கிருக்கிறது என்பது மேலே நிற்பவர்க்குத் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை, அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடுவான். கரிசல் சேறு காலைப் பற்றினால் நீச்சல் தெரிந்தவனும் திணறுவான். ஆகவே பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைக் கண்மாய்க்கோ கிணற்றுக்கோ பண்ணைக்குட்டைக்கோ அனுப்பவே கூடாது. ஒருவன் மூழ்கினால் அவனைக் காப்பாற்ற மற்றொருவன் குதித்து இருவரையும் இழப்பது வேண்டாம். கயிறு, வேட்டி, நீண்ட கம்பு, மூடிய காலிக் கேன் இவற்றுள் ஒன்றை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். மீட்டவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள். உடனே 108-க்குத் தெரிவியுங்கள். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுக்க வேண்டும்.

மழையையும் மறந்துவிடலாகாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரமே இருந்தபோது, நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த ஆண்டு விடுமுறை பலருக்கு வெள்ளத்தில் கழிந்தது. டிசம்பர் மாதத்தில் மழை முடிந்துவிட்டது என்று எண்ணிக் கொள்ளாமல், வானிலை அறிவிப்பைக் கேட்டுப் பயணம் புறப்படுவதே அறிவுடைமை.

இனி உணவு. விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சுமுறுக்கும் அதிரசமும் கேக்கும் இல்லாமல் பண்டிகை ஏது? 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை விருந்தினர்க்குக் கொடாமல் அனுப்புவதும் முறையன்று. வேண்டுவதெல்லாம் அளவே. பலகாரத்தைத் தட்டில் வைத்து எல்லார் நடுவிலும் நாள் முழுதும் திறந்து வைக்காமல், வேளை பார்த்துக் கொடுங்கள். ஒரு வேளை கறிச்சோறு என்றால், மறுவேளை கம்பங்கூழோ குதிரைவாலிச் சோறோ கீரையோ இருக்கட்டும். நண்பகலில் ஆக்கிய கறியை இரவு வரை அப்படியே வைத்திருந்து உண்ணாதீர்கள். மிஞ்சியதைக் கொதிக்கவைத்த பின்பே உண்ணுங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும் நல்லதன்று.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்பவர்கள், பண்டிகை என்று ஒரு நாளும் அதை நிறுத்தக்கூடாது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இம்மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கின்றனர். மகன் வீட்டிற்கு வெளியூர் போகும் பெரியவர்கள், திரும்பும் நாள் வரைக்கும் வேண்டியதை எண்ணி எடுத்துச் செல்லுங்கள்.

நள்ளிரவு வழிபாட்டிற்குப் போகிறவர்கள் குழந்தைக்கும் முதியவர்க்கும் காதை மூடித் துணி போர்த்துங்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் நால்வர் ஏறிப் பனிமூட்டத்தில் பறப்பதும், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுவதும், பண்டிகை வீட்டைத் துக்க வீடாக்கும் செயல்கள்.

இப்போது தாய்மார்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் இறுதி நமக்கு உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும் காலம். பகலெல்லாம் புஞ்சையில் குனிந்து நிமிர்ந்தவள், மாலையில் பத்துப் பேருக்குச் சமைக்கிறாள்; எல்லாரும் உறங்கிய பின் பாத்திரம் துலக்குகிறாள். வந்தவர் எல்லார்க்கும் விடுமுறை. அவளுக்கு மட்டும் இரட்டை வேலை. இதை ஓய்வு வாரம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? ஆகவே விடுமுறை தொடங்கும் முதல் நாளே வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து வேலையைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்து வைப்பது மகன் பொறுப்பு. காய் நறுக்குவது மருமகன் பொறுப்பு. தன் தட்டைத் தானே கழுவுவது பேரன் பொறுப்பு. ஒரு வேளையாவது ஆண்கள் சமைக்கட்டும். உப்புக் குறைந்தால் குறையட்டும், குடி மூழ்கிவிடாது. வீட்டுத் தலைவிக்கு நண்பகலில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க முடிந்தால், அதுவே அவ்வீட்டிற்கு விடுமுறை கிடைத்ததன் அடையாளம்.

உடல் மட்டுமன்று, உள்ளமும் இளைப்பாற வேண்டும். கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடிய வீட்டில் உள்ளம் எப்படி இளைப்பாறும்? கைக்கு அடங்கிய செலவே நிம்மதி தரும். பாகப்பிரிவினை, பழைய வழக்கு இவற்றைப் பேச வேறு நாள் இருக்கிறது. செல்போனை ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்துத் தாத்தாவையும் பாட்டியையும் சுற்றி உட்காருங்கள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் அவர்கள் தேடித் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள், இத்தகைய எளிய மனிதர்கள் வாய்மொழியாகச் சொன்னவையே. பேசக் கேட்க ஆள் இருப்பது முதியவர்க்குப் பெரிய மருந்து.

ஊராட்சி மன்றத்தார் செய்யவேண்டிய பணி என்ன? நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபையில் இதைப் பேசிவிடுங்கள். விடுமுறைக்கு முன் மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் கலக்கச் செய்யுங்கள். கண்மாயில் ஆழமான இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்து, கரையில் ஒரு கயிறும் தயாராக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை நேரத்தையும் 108 என்ற எண்ணையும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. பொறுப்பேற்க ஆள் தேவை.

உழவர் பெருமக்களே! மழை வருமுன் விதைத்தவன், மழை பெய்யும்போது திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். அவ்வாறே, முன்னேற்பாடு செய்துகொண்ட வீடும் ஊரும் விடுமுறையை மகிழ்ச்சியோடு கழிக்கும். வந்த பிள்ளைகள் நலமாகத் திரும்பிச் செல்ல, நீங்கள் நலமாகத் தைப்பொங்கலை வரவேற்க என் வாழ்த்துகள்.