முதியோரும் அரசின் விதிகளும்

(ஐதராபாத்தில் இளம் அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

முதியோர் சமுதாயத்திலிருந்து ஒதுக்கப்படுவதற்குக் கூட்டுக் குடும்பம் சிதைந்ததே காரணம் என்று கூறுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. எனினும், அரசு வகுக்கும் விதிகளும் முதியவர் ஒருவரைச் சமுதாயத்தோடு இணைக்கவோ, அதிலிருந்து விலக்கவோ வல்லவை. இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடிக்கும் அதிகம். இவர்களுள் பெரும்பாலோர் வயலிலும் கட்டட வேலையிலும் சிறு தொழிலிலும் உழைத்தவர்கள், ஓய்வூதியம் இல்லாதவர்கள். முதுமையில் பொது உதவி அளிப்பது பற்றி அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு குறிப்பிடுகிறது. தேசிய முதியோர் உதவித் தொகைத் திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று, மாதம் 75 ரூபாயுடன் தொடங்கப்பட்டது. பின்னர் மத்திய அரசின் பங்கு 200 ரூபாயாக உயர்ந்தது. 2011இல் தகுதி வயது 65இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. 80 வயது நிறைந்தோருக்கு 500 ரூபாய் என்றாயிற்று.

இத்தொகை போதாது என்பதால் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. தெலங்கானாவில் 2014இல் தொடங்கிய ஆசரா திட்டம் முதியோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. 2019இல் அது 2,016 ரூபாயாயிற்று. இதன் பயன் உணவோடும் மருந்தோடும் நின்றுவிடுவதில்லை. பேரனுக்குத் தின்பண்டம் வாங்கித் தரவும், உறவினர் திருமணத்தில் மொய் எழுதவும் கையில் பணமுள்ள மூதாட்டியை வீட்டார் கலந்து பேசுகின்றனர்.

வெளியே நிற்போர்

ஆனால், திட்டத்தின் வாயிலில் நின்றுவிடுவோரும் உளர். முதலாவது தடை வயதுச் சான்று. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. இன்றைய முதியோர் அதற்கு முன் பிறந்தவர்கள். பலருடைய அட்டைகளில் உள்ள வயது, யாரோ பார்த்து மதிப்பிட்டு எழுதியதே. அந்த மதிப்பீட்டில் ஐந்தாண்டு குறைந்தால், உதவியும் ஐந்தாண்டு தள்ளிப் போகும்.

இரண்டாவது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே முதியோர் உதவித்தொகை என்னும் ஆசரா விதி. பெண்ணுக்கு முன்னுரிமை தந்தது பாராட்டத்தக்கது. ஆயினும், செலவைக் குறைக்கும் இவ்விதி, தம்பதியரில் மற்றவரைச் சார்ந்து வாழ்பவராகவே வைக்கிறது. உதவி பெற்றவர் மறைந்தால், எஞ்சியவர் துயரத்தின் நடுவே அலுவலகத்தை நாட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கைரேகை. கல் உடைத்தும் சாந்து குழைத்தும் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்பதில்லை. போலிகளைத் தடுக்க வந்த முறை, நெடுங்காலம் உழைத்தவரையே திருப்பி அனுப்புவது முரண்பாடன்றோ?

நடமாடும் உரிமை

பணம் மட்டும் ஒருவரைச் சமுதாயத்தில் வைத்திருப்பதில்லை. தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. மருத்துவமனைக்கும் மகள் வீட்டிற்கும் மூதாட்டிகள் பிறர் கையை எதிர்பாராமல் செல்ல அது வழி செய்தது. மாறாக, இரயிலில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, தொலைவிலுள்ள சுற்றத்தாரைக் காண்பது பலருக்கு அரிதாயிற்று. போக்குவரத்துக் கட்டணமும் முதியோர் நலக் கொள்கையே என்பதற்கு இவை சான்றுகள்.

ஐதராபாத்தில் தொடங்கிய முதியோர் உதவித் தொலைபேசிச் சேவை, 14567 என்னும் எண்ணில் 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. இந்நகரம் காட்டிய வழி இது. எனினும், தொலைபேசியை எடுக்க இயலாதவரை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

நண்பர்களே, உங்கள் மேசைக்கு வரும் மனுவைத் தள்ளுபடி செய்யுமுன் மூன்று செயல்களைச் செய்யுங்கள். வயதில் ஐயம் எழுந்தால் மூத்த பிள்ளையின் வயதைக் கேட்டறியுங்கள். கைரேகை பொருந்தாவிடில் மாற்றுச் சான்றை ஏற்க வழி தேடுங்கள். உதவி பெற்றவரின் மரணம் பதிவானவுடன், அவருடைய துணைவர் உயிரோடு உள்ளாரா என்று நீங்களே விசாரியுங்கள். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. விதி யாருக்காக வகுக்கப்பட்டதோ அவரை அது சென்றடைகிறதா என்று பார்ப்பது அலுவலரின் கடமை.