நிறுத்த வேண்டாம், வழிவிடச் சொல்லுங்கள்

உங்கள் லினக்ஸ் கணினியில் ஸ்கேன் செய்த சான்றிதழ்களைச் சுருக்கிச் சேமிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றுதான் ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். படிவத்தில் ஒரு எழுத்து தட்டினால், ரொம்ப நேரம் கழித்துத்தான் வருது. என்ன பண்ணுவோம்? பட்டென்று பவர் பட்டனை அமுக்கிடுவோம். பாதி முடிந்த வேலையும் போச்சு, படிவமும் போச்சு!

அப்படிச் செய்யாதீங்க. ஆம்புலன்ஸ் வந்தால் லாரியை ஓரமாகப் போகச் சொல்றோம் இல்லையா? இதுவும் அதேதான்.

லினக்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் ‘நைஸ்’ என்றொரு எண் உண்டு. மைனஸ் 20 முதல் 19 வரை, வழக்கமாக 0. எண் கூடக்கூட, அந்த வேலை மற்றவற்றுக்கு வழிவிடும்.

டெர்மினலில் ‘டாப்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். பிராசசரை அதிகம் இழுக்கும் வேலை மேலே தெரியும். சின்ன ‘ஆர்’ எழுத்தை அழுத்தி, அந்த வேலையின் பிஐடி எண்ணையும், அடுத்து 19-ஐயும் கொடுங்கள். சேமிப்பு வேலை நிற்காது, மெதுவாக நடக்கும். படிவம் உங்கள் கைக்கு வரும்.

இரண்டு விஷயம் கவனிங்க. எண்ணை நீங்களே கூட்டலாம். திரும்பக் குறைக்கப் பொதுவாக நிர்வாகி அனுமதி வேணும். மெமரி நிரம்பித் திணறினால் இது உதவாது. தேவையில்லாத டேப்களை மூடுங்கள்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுது. திரையில் திறந்திருக்கும் செயலிக்கே அது முதலிடம் தரும். கணினியில் அதை நாம சொல்லணும், அவ்வளவுதான்.