அருவித் தடாகமும் ஆச்சியின் கடையும்



கரையோரத்தில் வாழும் நேயர்களுக்கு மாலைக் குளியல் என்றால் கடல்தான். வெயில் தணிந்ததும் கரையிலிருந்தே நீரில் இறங்கி, மூச்சை அடக்கி முழுகி, முருகைக்கல்லைத் தொட்டுவிட்டு மேலே வருவதும், உப்புக் காயாத மேனியோடு பக்கத்துக் கடையிலே அமர்ந்து பசியாறுவதும் அவர்களுக்கு இயல்பான இன்பங்கள். ஊவா மலைநாட்டிலே பிறந்த எங்களுக்கு அந்தப் பேறு இல்லை. எங்களுக்கு வாய்த்தவை அருவிகள். 'எல்ல' என்ற சிங்களச் சொல்லுக்குப் பொருளே அருவி என்பதுதான்.

இராவணன் அருவி, எல்ல நகரிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியோரத்திலேயே விழுகின்றது. உயரம் ஏறத்தாழ 25 மீற்றர். கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள தியலும அருவியின் 220 மீற்றரோடு ஒப்பிட்டால் இதைச் சிறு பிள்ளை என்றே சொல்லவேண்டும். பதுளைக்கு அண்மையிலுள்ள துன்ஹிந்தவும் இதனிலும் மிக உயர்ந்தது. ஆனால், தியலுமவைக் கழுத்து நோக நிமிர்ந்து பார்க்கவேண்டும். இதுவோ பேருந்தை விட்டு இறங்கியதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றது. சீதாபிராட்டி நீராடிய இடம் என்று ஐதிகமும் உண்டு. மக்கள் அஞ்சாமல் இறங்குவதற்கு இந்த நெருக்கமே காரணம் என்பது என் எண்ணம்.

தோட்டத்து மக்களுக்குக் குளியல் என்பது பீலியில்தான். மலையிலிருந்து வரும் நீர் குழாய் வழியே கொட்ட, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தவர்கள் வரிசையாக நின்று குளிப்பார்கள். எங்கள் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் குதித்து நீந்திய கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வித்தை லயத்துக் காம்பராவுக்கு வந்து சேரவில்லை. பீலியின் கீழே யார்தான் நீந்த முடியும்?

1981ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. என்னோடு படித்த நண்பர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு விருந்தினராக வந்திருந்தார். கல்குடாக் கரையில் பிறந்து, கடலிலேயே வளர்ந்தவர். நானும் என் மாமன் மகனும் அவரை ஒரு மாலைப் பொழுதில் இராவணன் அருவிக்கு அழைத்துச் சென்றோம். நாங்கள் இருவரும் ஓரத்துப் பாறையில் நின்று தலையை நனைத்துக்கொண்டதைக் கண்டு அவர் நகைத்தார். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி எங்கள் உடைகளோடு வைத்தார்.

வீதியின் மறுபுறத்தில் தகரக் கூரையிட்ட சிறு கடை ஒன்று இருந்தது. அதனை நடத்திய சிங்கள மூதாட்டியை எல்லோரும் ஆச்சி என்றே அழைப்போம். இரு மொழிக்கும் பொதுவான சொல் என்பதால் அதில் ஒரு வசதி. அவர் கடை வாசலுக்கு வந்து, "புதா, அங்கே பாயாதே!" என்று கூவினார். மகனே என்பது அதன் பொருள். நண்பருக்குச் சிங்களம் தெரியாது. நாங்கள் சொல்லும் முன்பே அவர் பாய்ந்துவிட்டார்.

முதல் முறை சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இரண்டாம் முறை, நுரையின் நடுவே அவர் தலை தோன்றியது; மறைந்தது; மீண்டும் அதே இடத்தில் தோன்றியது. எங்களை நோக்கியே நீந்தினார், ஆனால் ஒரு முழம்கூட முன்னே வரவில்லை. கடலை அறிந்த அந்த முகத்தில் அன்று நான் கண்ட திகைப்பு இன்றும் என் கண்முன் நிற்கின்றது. நீந்தத் தெரியாத நாங்கள் இருவரும் கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆச்சியின் மகன், பதினாறு வயதுப் பையன், தும்புக் கயிற்றோடு ஓடிவந்தான். நேரே எறியாமல், பக்கத்துப் பாறையோரமாக எறிந்து, அந்தப் பக்கம் போகுமாறு கைகாட்டினான். நண்பர் கயிற்றைப் பற்றினார். மூவருமாக இழுத்தோம்.

அவர் கரையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தபோதே நீரின் நிறம் மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கோ மழை. சிறிது நேரத்தில், எங்கள் உடைகள் இருந்த பாறை நீருக்குள் மறைந்தது; உடைகளும் போயின.

கடலிலே தேர்ந்தவர் ஏன் இங்கே தடுமாறினார் என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 வீதம் அடர்த்தி மிக்கது. ஆதலால் உடலைத் தாங்குகின்றது. அருவி விழும் இடத்திலோ நன்னீரோடு காற்றுக் குமிழிகளும் கலந்திருப்பதால் தாங்கும் வலிமை இன்னும் குறைகின்றது. கை வீசினாலும் பிடிப்பில்லை. விழுகின்ற நீர் அடிவரை சென்று, மேலெழுந்து, ஒரு பகுதி மீண்டும் அருவியை நோக்கியே திரும்புகின்றது. அந்தச் சுழற்சியை எதிர்த்து நீந்துபவர் களைத்துப்போவார். பக்கவாட்டில் விலகுபவர் தப்பக்கூடும். பையன் கயிற்றை ஓரமாக எறிந்தது அதனால்தான். அவன் எந்த நூலையும் படித்தவனல்லன். இவற்றோடு பாசி படர்ந்த பாறையும், மூச்சைத் திணறவைக்கும் குளிரும், சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல்களில் திடீரெனப் பெய்யும் இடிமழையும் சேர்ந்துகொள்கின்றன. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அமைதியாகத் தோன்றும் அதே தடாகம்தான்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குச் சென்றபோது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அவரை நம்பியே முழுகினார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் நீந்தக் கற்பிப்பாருமில்லை, கயிறு பிடிப்பாருமில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

அன்று இரவு ஆச்சி எங்களுக்கு ஆளுக்கொரு சாரம் தந்தார். நண்பருக்கு முதலில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லிக் கசாயம். பிறகு அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வந்த தேங்காய் ரொட்டி, கண்ணில் நீர் வரவழைக்கும் கட்டைச் சம்பல், புத்தாண்டுக்குச் சுட்டு வைத்திருந்த கவும், கருப்பட்டித் துண்டோடு வெறுந்தேநீர். எட்டு ரொட்டி உண்ட நண்பர், ஒன்பதாவதை எடுக்கையில்தான் அழத் தொடங்கினார். ஆச்சி அவரைத் தேற்றவில்லை. சம்பல் காரமோ என்று மட்டும் கேட்டார். பணமில்லாமல் நின்ற எங்களிடம், சாரத்தை மறவாமல் திருப்பித் தரவேண்டும் என்றார். மறுநாள் மூன்றையும் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

2023ஆம் ஆண்டில் பேரப்பிள்ளைகளோடு மீண்டும் அங்கே சென்றேன். வீதியோரம் முழுவதும் கடைகள். பல நாட்டு மனிதர்கள். ஆச்சி இல்லை. அந்தப் பையன், இப்போது நரைத்தவர், அவித்த சோளப்பொத்தி விற்றுக்கொண்டிருந்தார். "இன்று குளிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் கூறவில்லை. வீதிக்கு வந்து, அருவியின் தலைமாட்டை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "அரை மணித்தியாலம் பொறுங்கள், ஐயா" என்று சொல்லிக் கையில் ஒரு பொத்தியைக் கொடுத்தார்.

பொறுத்தோம். அதற்குள் ஒரு குரங்கு வந்து என் சோளத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.