நடையும் மனத்தேறுதலும்

(லிந்துலையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

இயற்கை அனர்த்தத்தில் உயிர் தப்பியவர்களின் மனநலத்திற்குத் தினசரி நடை எவ்வளவு உதவும் என்பதே இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள். மலைநாட்டாருக்கு நடையைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கலாம். எமது முன்னோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தவர்கள். அவ்வழியில் மாண்டவர் பலர். அதை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எம்மவர் மீண்டும் நடந்தனர். ஆகவே நடை எமக்குப் புதிதன்று. நடையை மருந்தாகக் கொள்வதுதான் புதிது.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே இருக்கவேண்டியிருந்தது. தப்பியவர்களிற் பலர் 2016இல் பூனாகலைப் பகுதியில் புது வீடு கிடைக்கும்வரை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நெருக்குண்டு காலம் கழித்தனர். பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளே பெருந்துயரைச் சுமந்தன.

உயிர் தப்பியவர்களுக்கு அரிசியும் பாயும் போர்வையும் கொடுக்கிறோம். அது நன்று. ஆனால் கூரைமேல் மழைத்துளி விழுந்ததும் திடுக்கிட்டு எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடும் தாய்க்கு நாம் என்ன கொடுக்கிறோம்? உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற கோபம், "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்ற கேள்வி ஆகிய இவை பைத்தியமுமல்ல, பேய்க்கோளாறுமல்ல. பெருந்துயரைக் கண்ட எந்த மனமும் இவ்வாறே நடுங்கும். பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில் இந்நடுக்கம் தணிகிறது. சிலருக்குத் தணிவதில்லை.

தணிவதைத் தடுப்பவற்றுள் ஒன்று, சும்மா இருத்தல். ஜப்பானிலே 2004ஆம் ஆண்டு நீகாத்தா நிலநடுக்கத்தின் பின்னும், 2011 மார்ச் 11ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கம், கடற்கோள் ஆகியவற்றின் பின்னும் வைத்தியர்கள் ஒன்றைக் கவனித்தனர். தற்காலிகக் குடில்களில் வைக்கப்பட்ட முதியோர், முன்னர் தாமே தோட்டம் கொத்தியவர்கள், சில மாதங்களில் நடக்கவும் இயலாதவர் ஆயினர். நோய் வந்து படுத்தவர்களல்லர். செய்ய வேலையும் போக இடமும் இன்றிப் படுத்தவர்கள். உடல் ஓய்ந்தபோது உள்ளமும் ஓய்ந்தது. முகாமாக மாறிய எமது பாடசாலை மண்டபங்களில் நாள் முழுதும் சுவரைப் பார்த்தபடி இருக்கும் தாத்தாமாரை நினைத்துப் பாருங்கள்.

நடை இதற்கு எவ்வாறு உதவும்? பகல் வெளிச்சத்தில் நடந்த உடல் இரவில் உறங்க விரும்பும். கால் ஒரே சீராக எழுந்து விழும்போது மூச்சும் சீராகும். அருகில் ஒருவர் நடந்தால், முகம் பார்த்துச் சொல்ல இயலாததைப் பாதையைப் பார்த்துச் சொல்லலாம். 2022இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 15 ஆராய்ச்சிகளில் பங்குபற்றிய 1,90,000க்கு மேற்பட்டவர்களைப்பற்றிக் கணித்தது. வாரத்திற்கு இரண்டரை மணி நேரம் விரைந்து நடக்கும் அளவுக்கு உடலசைவு உள்ளவர்களுக்கு, அது சிறிதும் இல்லாதவர்களைவிட மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25 பங்கு குறைவு. அதிற் பாதியளவு உள்ளவர்களுக்கு 18 பங்கு குறைவு. அவர்கள் அனர்த்தத்தில் தப்பியவர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் சிறிதளவு நடையும் வீண்போகாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

"எங்கள் பெண்கள் நாள் முழுதும் மலையில் ஏறி இறங்குகிறார்களே, இன்னும் நடக்கவா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. கூடையைச் சுமந்து, அட்டைக்கடிக்கு மத்தியில், கிலோக் கணக்குக் குறைந்தால் அரைப்பேராகிவிடுமே என்று அஞ்சி ஏறுவது உழைப்பு. நாம் சொல்லும் நடை வேறு. சுமையின்றி, கணக்கின்றி, விரும்பிய துணையோடு செல்வது அது. கொழுந்தெடுத்துக் களைத்த தாய்க்கு வேண்டியது மேலும் ஒரு மைல் நடை அல்ல. அவள் அரைமணி நேரம் அமர்ந்திருக்க, அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் கணவனே. ஆகவே எமது அழைப்பு முதலில் வேலையிழந்தவர்களுக்கும், முதியோருக்கும், துக்கத்தைச் சாராயத்தில் கரைக்கும் ஆண்களுக்கும், வீட்டிலே அடைந்து கிடக்கும் மாணாக்கருக்குமாகும்.

சங்க வாலிபர்களுக்குச் சில யோசனைகள் கூற விரும்புகிறோம். வாரத்தில் ஐந்து நாள், மாலையில் அரைமணி நேரம், மேடற்ற வண்டிப் பாதையில் இரண்டு மூன்று பேராகச் செல்வோம். கோயிலை வலம்வருதலும் கதிர்காமப் பாதயாத்திரையும் அறிந்தவர்களுக்கு இது கடினமன்று. எனினும், வேதக்காரரும் முஸ்லிம் அன்பரும் சிங்களச் சகோதரரும் நம்முடன் நடக்கட்டும். மண்சரிவு மதம் பார்த்து வரவில்லை. முதியவர் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். "அன்று என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்கலாகாது, அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்போம். சரிந்த இடத்திற்கு எவரையும் வற்புறுத்தி அழைத்துச் செல்லலாகாது.

இன்னுமொரு பயன் உண்டு. தினமும் நடப்பவன் நிலத்தை அறிவான். புதிதாக வெடித்த நிலம், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே கிராம அலுவலருக்கு அறிவிக்கவேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 150ஐத் தாண்டினால் சரிவுள்ள இடத்தைவிட்டு வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகிறது. அத்தகைய மழையில் நடை வேண்டாம். அஞ்சி நடுங்கியவர் தாமே ஊருக்குக் காவலாகும்போது, அவர் நெஞ்சிலும் தைரியம் பிறக்கும்.

நடை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாம் சொல்லவரவில்லை. பல வாரங்களாக உறங்காதவரையும், சாவைப்பற்றிப் பேசுபவரையும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தாருடன் பேசலாம். மேலும், ஆபத்தான சரிவில் லயன் நிற்கும்வரை, அதிலே உறங்குபவனின் அச்சம் நோயன்று, அது அறிவு. அந்த அச்சத்திற்கு மருந்து உறுதியான நிலமும் அதில் சொந்த வீடும் மட்டுமே. அதைக் கேட்கும் குரல் ஓயலாகாது. "நடந்து மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று கூறி அக்கடமையிலிருந்து தப்பிக்க எவருக்கும் இடங்கொடோம்.

சகோதரர்களே! வீடு கட்டிக்கொடுக்க எமது கையில் பணமில்லை. ஆனால் கால்கள் உண்டு, மாலைப்பொழுது உண்டு. வரும் திங்கட்கிழமை ஐந்து மணிக்குச் சங்க வாசலில் கூடுவோம். வரும் வழியில், கதவை மூடிக்கொண்டு தனித்திருக்கும் ஒருவரையாவது ஒவ்வொருவரும் அழைத்து வாருங்கள்.