தொலைவும் தோழமையும்



போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் சாலையில் நின்று பார்த்தால், ஏலமலைச் சரிவு ஒரு பெருஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அந்தச் சரிவில் ஒரு காலத்தில் கம்பிவழிப் போக்குவரத்து ஒன்று நடைபெற்றது. மூணாற்றுப் பக்கத்துத் தேயிலை, 1902-இல் அமைந்த ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் குறுகிய இருப்புப் பாதையிலும் மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அங்கிருந்து பெட்டிகள் கம்பியில் தொங்கியவாறே அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் வண்டியேறிப் போடிக்குப் போகும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்துவிட்டது. மேலே பெட்டியை மாட்டுபவருக்குக் கீழே அதைக் கழற்றுபவரின் முகம் தெரியாது. ஆயினும் மேலே கட்டிய கட்டில் பிழையிருந்தால் தொல்லை கீழே இருப்பவருக்கே. முகம் காணாதவர் ஒருவரையொருவர் நம்பிச் செய்த வேலை அது.

அத்தகைய வேலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வெவ்வேறு ஊர்களில் இருப்போர் கூடி ஒரு பொருளை வடிவமைக்க முடியுமா? அந்தக் குழுவை நடத்துவது எவ்வாறு? இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இதே மலைத்தொடரின் அடியிலேயே இருக்கிறது.

நியூட்ரினோ என்னும் நுண்துகள் எதிலும் எளிதில் சிக்குவதில்லை. பூமியையே ஊடுருவிச் சென்றுவிடும். அதனை ஆராய வேண்டுமானால், பிற துகள்களை வடிகட்டப் பெரும்பாறையின் அடியில் கருவியை வைக்க வேண்டும். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தை நம் அறிஞர்கள் கண்டனர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த பணி அது. மூன்று நாட்டாரும் ஒரு சுரங்கத்தில் ஒன்றுபட்டனர்.

அந்த மரபில் வந்ததே இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். 2002-இல் ஏழு ஆராய்ச்சி நிலையங்கள் இதற்காக உடன்படிக்கை செய்துகொண்டன. மும்பை, கொல்கத்தா, சென்னை, அலகாபாத், புவனேசுவரம் என அவை நாடெங்கும் சிதறிக் கிடந்தன. பின்னர்ப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சேர்ந்தன. கோலார் ஆய்வுகளில் பயின்ற நவகுமார் மண்டல் இந்தக் கூட்டு முயற்சிக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் வடிவமைத்தது சிறு கருவியன்று. 50,000 டன் காந்த இரும்பு. 150-க்கு மேற்பட்ட தகட்டு அடுக்குகள். அவற்றின் இடையே ஏறத்தாழ 29,000 கண்ணாடி உணர்விகள். ஒவ்வோர் உணர்வியும் சுமார் 2 மீட்டர் சதுரம். ஓர் ஊரில் செய்த உணர்வி, வேறோர் ஊரில் செய்த மின்னணுச் சுற்றோடு பொருந்தவேண்டும். அளவு ஒன்றாக இல்லாவிடில் அன்பு மட்டும் பயன் தராது. எனவே தொலைவில் பணி செய்யும் குழுவுக்கு முதல் தேவை, எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்த அளவும் முறையும் ஆகும்.

இரண்டாவது தேவை, பிரியுமுன் கூடியிருத்தல். இத்திட்டத்துக்கென 2008-இல் ஆய்வு மாணவர் பயிற்சி தொடங்கப்பெற்றது. மாணவர்கள் முதல் ஓராண்டு மும்பையில் ஒன்றாக அமர்ந்து பாடம் கேட்டனர். அதன் பிறகே வெவ்வேறு நிலையங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஒரே பலகையின் முன் அமர்ந்து தடுமாறியவர்கள், பின்னர் ஆயிரம் மைல் அப்பால் இருந்தாலும், "எனக்கு இது விளங்கவில்லை" என்று நாணமின்றிக் கேட்பார்கள். நல்ல குழுவின் அடையாளம் அந்தக் கேள்விதான். அறியாமையை மறைக்கவேண்டிய இடத்தில் பிழைகளும் மறைந்தே வளரும்.

மூன்றாவது, சிறிதாகச் செய்து பார்த்தல். மதுரையில் 2018-இல் 85 டன் எடையுள்ள சிறு மாதிரியை நிறுவி இயக்கினர். முழுக் கருவியில் ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்கு அது. பிழை வெளிப்பட வேண்டுமானால் சிறியதில் வெளிப்படட்டும். செலவும் குறையும், மனக்கசப்பும் குறையும்.

இவ்வளவும் இருந்தும் அந்தக் கருவி மலைக்குள் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் கருதிய நீலகிரிச் சிங்காராவுக்கு 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் ஊரார் அஞ்சினர். வெடி வைத்தால் மலை தாங்குமா, ஊற்று வற்றுமா, கதிரியக்கம் வருமா என்று கேட்டனர். அறிஞர்கள் கூட்டங்களில் விடையளித்தனர். கதிரியக்கப் பொருள் எதுவும் அங்கே வைக்கப்படாது என்றும் விளக்கினர். எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. வழக்குகள் எழுந்தன. 2022-இல் தமிழக அரசும் இத்திட்டம் வேண்டாவென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. கொல்கத்தாவில் இருந்தவரும் சென்னையில் இருந்தவரும் ஒரு குழுவாயினர். மலையடியில் ஆடு மேய்த்தவர் அந்தக் குழுவுக்கு வெளியே நின்றார். அவரிடம் விளக்கம் சென்றது. ஆலோசனை முதல்நாளே கேட்கப்பட்டிருந்தால் கதை வேறாகியிருக்குமோ? அறிவாளர் கூட்டத்தில் பேணிய நாணமின்றிக் கேட்கும் உரிமை, ஊராருக்கும் தொடக்கத்திலேயே கிடைத்திருக்க வேண்டுமல்லவா?

நண்பர்களே, நாளை நீங்கள் பலரும் வீட்டில் அமர்ந்தே வேற்றூராரோடு கூடிப் பணி செய்வீர்கள்; சிலர் தலைமையும் ஏற்பீர்கள். அப்போது அளவை எழுதிவையுங்கள், முதலில் கூடியிருங்கள், சிறிதாகச் செய்து பாருங்கள். இவற்றோடு, உங்கள் வேலையின் பயனோ பாதிப்போ யாரைச் சேரும் என்று எண்ணி, அவருக்கும் தொடக்கத்திலேயே ஓர் இருக்கை போடுங்கள். கம்பியின் மேல் முனையில் நிற்பவர், கீழ் முனையில் நிற்பவரை மறக்கலாகாது.