கம்ப்யூட்டரா, எலக்ட்ரிக்கலா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே நம் குழுக்களில் ஒரே கேள்விதான்: "புள்ளைய கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்க்கிறதா, எலக்ட்ரிக்கலா?"

நாம் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனியையே பார்ப்போம். நிட்டிங் மெஷினை ஓட்டும் மோட்டார், கரண்ட் போனால் கைகொடுக்கும் ஜெனரேட்டர், பல்லடம், உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலை, இதெல்லாம் எலக்ட்ரிக்கல் படிப்பு. டிசைன் போடவும் ஆர்டர் கணக்குப் பார்க்கவும் உதவும் சாஃப்ட்வேரை எழுதுவது கம்ப்யூட்டர் படிப்பு. எலக்ட்ரிக்கல் படித்தவர்களும் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறார்கள். அதனால், "கரண்ட் வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று நாமே தடுக்கக் கூடாது. எதில் ஆர்வம் என்று அவளையே கேட்போம்.

அடுத்தது பணம். கம்ப்யூட்டர்தான் வேணும்னு மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் வாங்கும் முன் கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்தைப் பார்ப்போம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் வந்தது. அதில் சேர்வோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அந்த ஆண்டே அறிவித்தார்கள். இதை விசாரிக்காமல் வட்டிக்கு வாங்கினால், மகள் படித்து முடித்த பின்னும் நாம்தான் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மகள்களையும் உட்காரவைத்துப் பேசுவோம்.